பேந்து அண்ணை

அவர் இல்லாத இடத்தில் நாங்கள் எல்லோரும் அவரைப் 'பேந்து அண்ணை' என்றுதான் சொல்வோம். பேந்து என்றால் பிறகு. நீங்கள் எதைச் சொன்னாலும் அவருடைய வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால், "நல்லது. பேந்து?" கர்க்லாண்டில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டோம் என்றால், "சந்தோசம். பேந்து?" கேட்கிறவருக்கு அது குத்தலாகப் படும். உண்மையில் அவருக்கு அறியவேண்டும் என்ற விருப்பம் மட்டும்தான். அவருடைய மனைவியே ஒருநாள் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கத் திட்டினா: "இந்த மனுசன் கலியாணவீட்டில சாப்பிட்டிட்டு வந்தா, மூண்டு மாசம் கழிச்சுப் போன் எடுத்து மாப்பிளை குடிக்கிறவனோ எண்டு கேக்கும். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

மன்னார்க்காரர். நெட்டையான, கழுத்து முன்னுக்கு நீண்ட மனிதர். மொன்றியல் நகரில், கோட்-டெ-நெய்ஜில் ஒரு அடுக்குமாடியின் நாலாம் தட்டில் இருந்தார். நான் நகரின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்தேன். மொன்றியலுக்கு வடக்கே மலைப்பக்கத்தில் இருந்த ஒரு மீன் பண்ணையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் தொட்டி பூட்டிய லொறி ஓட்டுவார். ட்ரவுட் மீன்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரிகளில் விடுவது அவருடைய வேலை. நான் கந்தோரில் போன் எடுப்பேன், கடிதம் எழுதுவேன். ஆறு வயதில் இங்கு வந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால், முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. அவருக்குப் பிரெஞ்சு வராது. மீன்களின் பெயர்கள், 'போன்ஜூர்', 'மெர்சி', வேலை செய்து களைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சில சொற்கள், அவ்வளவுதான். காலையில் தன் வழியை விட்டு விலகி ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தடிக்கு வந்து தன் வானில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். அது அவருக்குச் சுற்று என்பதை நான் வெகுகாலத்துக்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

ஒரு பனிக்காலத்தில், புதிதாக வந்த குடும்பம் ஒன்றுக்குக் கோயில் ஆட்கள் சேர்ந்து உடுப்புக் கொடுத்தோம். படம் எடுத்தோம், கை தட்டினோம், கலைந்து போனோம். பத்து நாள் கழித்து அவர் அந்தக் குடும்பத்துக்குப் போன் எடுத்து, சின்னவளின் ஜக்கெட்டுக்குச் சிப் பூட்டுப்படுகிறதா என்று கேட்டார். பூட்டுப்படவில்லை. அந்தப் பிள்ளை கழுத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. அவர் போய் அதை வாங்கி, தையல்கடையில் சிப் மாற்றிக் கொடுத்தார். அந்த ஜக்கெட்டைக் கொடுத்த அம்மா ஒரு வருஷம் அவரோடு கதைக்கவில்லை.

இன்னொரு விஷயம் இதைவிடக் கசப்பானது. தனியாக வந்த ஒரு இளம்பெண்ணுக்கு, கோயில் குழுவில் பெரிய மனிதராக இருந்த ஒருவர் தன் வீட்டு நிலவறையில் ஓர் அறை கொடுத்தார். 'ஒரு பிள்ளையைக் கரை சேர்த்தாச்சு' என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். மூன்றாம் கிழமை இவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை குளிர்கோட்டோடு படுத்திருந்தாளாம். கீழே ஹீட்டர் போடுவதில்லை. காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளை எழுப்பி, சமைத்து, இரவில் கோப்பை கழுவி, அதற்குமேல்தான் அவளுக்குச் சாப்பாடு. அடுத்த ஞாயிறு கோயில் படிக்கட்டில் எல்லோரும் நிற்கையில் இவர் அதைச் சொன்னார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உமக்கேன் காணும் அந்தக் கதை?" என்று அந்தப் பெரிய மனிதர் பாய்ந்தார்.

"கூட்டிக்கொண்டு வந்து விட்டது நாங்கள்தானே?" என்றார் இவர். "விட்டிட்டுப் பாக்காமப் போகேலுமே?"

நான் அப்போது கைப்பையைத் திறந்து வீட்டுக் காரின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திறப்பு என் கையிலேயே இருந்தது. அந்தப் பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதன்பிறகு குழுக் கூட்டத்துக்கு இவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மீன் விடுகிற இடத்திலும் அவர் இப்படித்தான். மற்ற ஓட்டுநர்கள் குழாயைத் தண்ணீருக்குள் போட்டு, கதவைத் திறந்து, கால்மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். இவர் முதலில் வெப்பமானியை ஏரிக்குள் விட்டுப் பார்ப்பார். பிறகு ஏரித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளித் தொட்டிக்குள் ஊற்றுவார். மீன் புதுத் தண்ணீரின் சூட்டுக்குப் பழகவேண்டும், இல்லாவிட்டால் திகைத்துச் செத்துவிடும். எல்லாம் விட்டு முடிந்தபின் பிளாஸ்கில் இருந்து வெறுந்தேநீரை ஊற்றிக்கொண்டு கரையில் நிற்பார். நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். இதனால் ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வருவார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று கேள்" என்பார். நான் கேட்பேன்.

"சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டு சொல்லும்."

ஒரு ஜூன் மாதம், ஓர் ஏரிச் சங்கத்திடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று என்னையும் அவரோடு லொறியில் அனுப்பினார்கள். ஏரியைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களின் சங்கம் அது. வருஷாவருஷம் எங்களிடம் ட்ரவுட் வாங்கி விடுகிறவர்கள். நல்ல வெயில். படகு இறக்கும் சரிவில் லொறியைப் பின்பக்கமாக விட்டு, தன் வாளி வேலையெல்லாம் முடித்து, குழாயைத் திறந்தார். ஒரு சாண் நீள மீன்கள். வெள்ளி வெள்ளியாகக் கொட்டின. பார்க்க அழகாக இருந்தது. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

"போவமா அண்ணை?"

"கொஞ்சம் நில்லும், தங்கச்சி."

மீன்கள் விலகி ஓடவில்லை. கூட்டமாகக் கரையை ஒட்டியே வட்டமிட்டன. அவர் கையை நீட்டி அசைத்தார். நிழல் தண்ணீரில் விழுந்ததும் அவ்வளவு மீன்களும் மேலே எழும்பி வந்து வாயைத் திறந்தன.

"பாத்தீரே? தொட்டிக்குள்ள வளந்ததுகள். நிழல் தெரிஞ்சா தீன் விழும் எண்டுதான் அதுகளுக்குத் தெரியும். பயம் எண்டது தெரியாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை, அல்லி இலைப் பற்றையின் ஓரத்தில் தண்ணீர் 'மொளக்' என்று உடைந்தது. பச்சை முதுகு ஒன்று புரண்டது. பிறகு இன்னோரிடத்தில். பிறகு படகுத்துறைப் பலகைக்குக் கீழே. முதலில் எனக்கு என்னவென்று விளங்கவில்லை. பிறகு கண் பழகியது. கண்ணுக்குப் பின்னால்வரை கிழிந்த வாய். திறந்தால் ட்ரவுட் இருந்த இடத்தில் ட்ரவுட் இல்லை. துரத்தல்கூட இல்லை. அவை இலைகளுக்கடியில் ஆறுதலாக நின்றன. எங்கள் மீன்கள் தாமாகவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"அஷிகான்," என்றார் அவர். பாஸ் மீனுக்கு இங்குள்ள பிரெஞ்சுப் பெயர் அது. "பெருவாயன் சாதி. இந்த ஏரிக்கு உரியதில்லை. ஆரோ வாளியில கொண்டுவந்து விட்டிருக்கினம்."

துறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தா. அவ ஒரு அஷிகானைப் பிடித்ததும் இவர் ஓடிப்போய், வயிற்றைக் கீறிக் காட்டும்படி கையால் கெஞ்சினார். அவ சிரித்துக்கொண்டு கத்தியை அவரிடமே கொடுத்தா. உள்ளே இரண்டு ட்ரவுட் இருந்தன. ஒன்று பாதி கரைந்துவிட்டது. மற்றது அப்படியே முழுசாக இருந்தது. அதன் செட்டையைப் பிடித்து என்னிடம் காட்டினார். சீமெந்துத் தொட்டியில் உரசித் தேய்ந்த, விளிம்பு மழுங்கிய செட்டை. எங்கள் பண்ணை மீன். ஒரு மணித்தியாலத்துக்கு முன் லொறியில் இருந்தது.

அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டா.

அவர் அன்று கரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். தேநீர் குடிக்கவில்லை. திரும்பும் வழியில், முதலாளியிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் சொன்னேன். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரியும்," என்றார். "அதனால்தான் அவர்கள் ஒவ்வொரு வருஷமும் வாங்குகிறார்கள்."

இதை நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. "பாக்கிறனெண்டு சொன்னவர்" என்று சொன்னேன். என் முதல் பொய் அது. சின்னதாகத்தான் இருந்தது.

ஓகஸ்டில் சங்கத்திடமிருந்து முறைப்பாடு வந்தது. பிள்ளைகள் கோடை முழுக்கத் தூண்டிலோடு இருந்தும் ஒரு ட்ரவுட் படவில்லையாம். மீன்களை அரை உயிராகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள், ஓட்டுநரின் கவனக்குறைவு, அவர் நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும். எழுதியவர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர்.

ஞாயிறு பின்னேரம், ஏரிக்கரை மண்டபத்தில் கூட்டம். நான் முதலாளியின் காரில் போனேன். வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சுருக்கமாகச் சொல்லு. அஷிகான் கதை வேண்டாம். அது காகிதத்தில் ஏறினால் அவர்களுக்கு ட்ரவுட் விட அரசாங்க அனுமதி கிடைப்பது கஷ்டம். எங்களுக்கும் ஓர் ஏரி போய்விடும்." மிரட்டவில்லை, வேலை போகும் என்று சொல்லவில்லை. செப்டெம்பரில் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை அல்ல. அந்த மண்டபத்தில் ஒருவரும் முகம் சுளிக்கக்கூடாது என்று நினைத்தேன். நல்ல பிரெஞ்சு பேசுகிற நல்ல பெண் என்று அவர்கள் என்னைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

அண்ணை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டோடு வந்திருந்தார். முப்பது நாற்பது பேர் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். அவர் எழும்பி, எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, இதைச் சொல்லும். நான் கொண்டந்த மீன் ஒண்டும் சாகேல்லை. தண்ணிச் சூடு பாத்துத்தான் விட்டனான். விட்டிட்டு நிண்டும் பாத்தனான். இந்த ஏரியில அஷிகான் நிறைய நிக்குது. ஆர் விட்டதெண்டு எனக்குத் தெரியாது, அது எனக்குத் தேவையுமில்லை. ஒரு சாண் மீனை வெய்யில் காலத்தில கரையோரம் விட்டா அது அதுகளுக்குச் சாப்பாடுதான். விடுறதெண்டா பெரிய மீனாப் பாத்து, பனி உருகின கையோட, தண்ணி குளிரா இருக்கேக்க விடவேணும். அப்ப பெருவாயன் சோம்பிக் கிடக்கும். நடு ஏரிக்குக் கொண்டுபோய் விடவேணும். ஏலாதெண்டா விடாம இருக்கவேணும். தெரிஞ்சுகொண்டு வருசாவருசம் இப்பிடி விடுறது பாவம். தூண்டிலோட நிக்கிற பிள்ளையளுக்கும் அது பொய்."

நான் பிரெஞ்சில் சொன்னது மூன்று வசனம். தண்ணீர் அன்று கொஞ்சம் சூடாக இருந்ததாம். அடுத்த முறை இன்னும் கவனமாக இருப்பாராம். உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்.

தலைவர் தலையாட்டினார். முதலாளியின் முகம் தளர்ந்தது. அண்ணை என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டீரே?"

"ஓம் அண்ணை."

"எல்லாம்?"

"ஓம்."

"அஷிகான் எண்ட சொல்லு எனக்குக் கேக்கேல்லையே, தங்கச்சி."

"வேற சொல்லால சொன்னனான்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்து, தானே சொன்னார். "அஷிகான்," என்றார். கையால் பெரிய வாயைத் திறந்து மூடிக் காட்டினார். "மான்ஜே. த்ருயித். போகூ." தின்னும், ட்ரவுட், நிறைய. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துறையில் மீன் பிடித்த அந்தப் பெண் மூன்றாம் வரிசையில் இருந்தா. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

தலைவர் மரியாதையாக என்னிடம் திரும்பினார். "மன்னிக்கவேண்டும், இவர் என்ன சொல்ல வருகிறார்?"

இரண்டாம் முறை ஒருவருக்கும் இப்படி வாய்ப்புக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது.

"இல் எ ஃபதிகே," என்றேன். அவர் களைத்துப் போயிருக்கிறார்.

எல்லோரும் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

முதலாளி அவசரமாகப் போய்விட்டதால், வீட்டுக்கு அண்ணையின் வானில்தான் வந்தேன். என் வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டார்.

"ஃபதிகே எண்டா களைப்புத்தானே?"

"ஓம்."

"நான் களைக்கேல்லை, தங்கச்சி."

அடுத்த நாள் காலை வழமைபோல ரயில் நிலையத்தடியில் வந்து நின்றார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். ஒரு சொல் குறை கூறவில்லை. ஏசியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

கூட்டத்தில் அவர் மன்னிப்புக் கேட்டதாகச் சங்கத்தின் குறிப்பில் எழுதினார்கள். பிழையை அவரே ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டது. செப்டெம்பர் முடிவில் முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். லொறியை இனி வேறொருவர் ஓட்டுவார், உனக்குத் தொட்டி கழுவுகிற வேலை, விருப்பமில்லை என்றால் போகலாம். அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அவர் "சரி" என்றார். இரண்டு கிழமை தொட்டி கழுவினார். ஒரு வெள்ளிக்கிழமை என்னை இறக்கிவிடும்போது, "திங்கள்ல இருந்து நான் வரமாட்டன். வேற ஆரையும் கேட்டு வையும்" என்றார். என் வேலை நிரந்தரமாகிவிட்டிருந்தது.

அந்த ஏரிக்கு அடுத்த வருஷமும் ட்ரவுட் போனது. அதற்கடுத்த வருஷமும் போனது. அனுமதி விண்ணப்பக் கடிதங்களை நான்தான் எழுதினேன். பிறகு ஒரு கோடையில் அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். அஷிகான் கொழுத்துப் பெருத்து, வெளியூர் ஆட்கள் அதைப் பிடிக்க வரத் தொடங்கியிருந்தார்கள். இப்போது சங்கமே அங்கு அஷிகான் போட்டி நடத்துகிறது. பரிசுக் கோப்பையைத் தலைவர் கொடுக்கிறார்.

அவர் எங்கள் கோயிலுக்கு வருவதை விட்டு வேறு கோயிலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஐம்பது தாண்டிய வயதில் பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறாராம் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன பனிக்காலம் அம்மாவை ஒரு பரிசோதனைக்காகக் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நடைகூடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு தமிழ்க் கிழவி. அவவுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஊழியரின் நீல உடுப்போடு, கழுத்து முன்னுக்கு நீண்டபடி, அவர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கிழவி சொல்வதை ஒரு தாதிக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வியாழக்கிழமையிலிருந்து கொதிக்கிறது, மருமகள் குளிசையை மாறித் தந்துவிட்டாள், நேற்றுத் தந்த சோறு அவியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இலக்கணம் தடுக்கியது. ஆண்பால் பெண்பால் எல்லாம் பிழை. ஒன்றையும் விடவில்லை.

"நோவைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், ஐயா," என்றாள் தாதி.

"அவ சொன்னது இது, மதாம்," என்று சொல்லிவிட்டு, அவியாத சோற்றை மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொன்னார்.

தாதி போனபின் திரும்பியபோது என்னைக் கண்டார்.

"அண்ணை," என்றேன். "எப்பிடி இருக்கிறியள்?"

"போன்ஜூர், மதாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. "வூஸ் அலே பியன்?" நலமாக இருக்கிறீர்களா என்று, முன்பின் அறியாதவர்களிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார்.

நான் மறுபடியும் தமிழில் ஏதோ தொடங்கினேன். வீட்டில் மனைவி சுகமோ, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில், சுருக்கமாக, பிழையாக, அமைதியாகப் பதில் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, குளிருதே? இந்தப் பக்கமா இருங்கோ, கதவு திறக்கேக்க காத்தடிக்கும். கூப்பிட இன்னும் கொஞ்சம் செல்லும். பசிச்சா சொல்லுங்கோ, பிஸ்கற் கொண்டந்து தாறன்."

அம்மாவின் கால்களை ஒரு போர்வையால் மூடிவிட்டு, கிழவியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்ல மனுசன்," என்றா அம்மா. "உன்னோட மட்டும் ஏன் பிரெஞ்சில கதைச்சவர்?"

நான் பதில் சொல்வதற்குள் அவவே பெருமையோடு சொன்னா:

"உன்ர பிரெஞ்சு எவ்வளவு திறமெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பிள்ளை."